பூவில்லாத் தேன்

காரைப் பிளம்ஸ் மரத்தடியில் நிறுத்தாதீர்கள் என்று என் மனைவி பல தடவை சொல்லியிருக்கிறார். நிழலுக்கு ஆசைப்பட்டு நான் கேட்பதில்லை. மார்ச் மாதம் ஒருநாள் காலை வண்டியை எடுக்கப் போனால், முன் கண்ணாடி முழுக்கப் பிசுபிசுவென்று சர்க்கரைப் பாகைத் தெளித்த மாதிரி இருந்தது. வைப்பரைப் போட்டதும் இன்னும் மோசமாகி, கண்ணாடியே மங்கிவிட்டது. ஒரு வாளி வெந்நீர் எடுத்து வந்து துடைத்துக் கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ரீங்காரம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பிளம்ஸ் பூத்து முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மரத்தில் ஒரு பூ கிடையாது. ஆனால் நம் பெட்டித் தேனீக்கள் ஐம்பது, அறுபது இலைமேல் உட்கார்ந்து நக்கிக் கொண்டிருந்தன.

நான் லவ்டேலுக்கு வந்தது 2016இல், வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு. ஒன்றரை ஏக்கர். பழைய உரிமையாளர் வைத்த பிளம்ஸ், பீச், பேரி மரங்கள் நாற்பதுக்குப் பக்கம் உண்டு. மீதி இடத்தில் கேரட், பூண்டு, பட்டாணி, கீரை. வேலியோரம் சீகையும் கற்பூர மரமும். 2018இல் இரண்டு நியூட்டன் பெட்டியில் ஆரம்பித்துத் தேனீயும் வளர்க்கிறேன். பூவில் இருந்து மதுரம், மதுரத்தில் இருந்து தேன் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைத்தான் நானும் நம்பிக் கொண்டிருந்தேன். அன்று காலை இலையை நக்கிய தேனீக்கள் அந்தப் பாடத்தில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று காட்டின.

இலையைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். நுனி இலைகள் சுருண்டு கிடந்தன. சுருளுக்குள் அசுவினி, கூட்டம் கூட்டமாக. அவற்றின் பின்பக்கம் இருந்து சொட்டும் இனிப்பான திரவம்தான் கீழ் இலையிலும் என் கார் கண்ணாடியிலும் விழுந்திருந்தது. வேளாண் துறைத் துண்டறிக்கைகளில் 'தேன் போன்ற கழிவு' என்று இதைப் போட்டிருப்பார்கள். நான் தேன்பனி என்று சொல்லப் பழகிவிட்டேன். நம் ஊரில் விடியற்காலையில் இலைமேல் பார்த்தால் எது பனி, எது இது என்று தொட்டால்தான் தெரியும்.

இது ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. இலையில் தயாராகும் சர்க்கரையைச் செடி தன் மற்ற பாகங்களுக்கு அனுப்ப மெல்லிய குழாய்கள் வைத்திருக்கிறது. அந்தச் சாற்றில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பங்கு சர்க்கரை இருக்கும். உடம்பு வளர்க்கத் தேவையான தழைச்சத்து அதில் சொற்பம். அசுவினி தன் ஊசி வாயை அந்தக் குழாயில் சொருகிவிட்டால் உறிஞ்சக்கூட வேண்டியதில்லை. குழாயில் இருக்கும் அழுத்தமே சாற்றை உள்ளே தள்ளிவிடும். பூச்சிக்கு வேண்டியது அந்தச் சொற்பத் தழைச்சத்து. அது வயிறு நிறையக் கிடைக்க ஏகப்பட்ட சாற்றைக் குடித்தாக வேண்டும். அப்போது கூடவே வரும் சர்க்கரையை என்ன செய்வது? வெளியே விட்டுவிடுகிறது. அரைப் படி அரிசிக்காக ஒரு மூட்டை நெல்லைக் குத்தி, உமியை வாசலில் கொட்டுகிற மாதிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் சாறு பூச்சியின் உடம்பில் இருக்கும் நீரைவிட அடர்த்தி. உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு சுருங்குகிற மாதிரி, வயிற்றில் அவ்வளவு சர்க்கரை இருந்தால் உடம்புத் தண்ணீர் வற்றிப் பூச்சியே சுருங்கிவிடும். அதனால் பூச்சி தன் குடலில் உள்ள நொதிகளைக் கொண்டு சின்னச் சர்க்கரைகளைக் கோத்துப் பெரிய சர்க்கரைகளாக மாற்றுகிறது. எண்ணிக்கை குறைந்தால் உறிஞ்சும் வேகமும் குறையும் அல்லவா, அந்தக் கணக்கு. இப்படி உருவாகும் சர்க்கரைகளில் ஒன்றுக்கு மெலிசிடோஸ் என்று பெயர். பேரை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அசுவினி மட்டும் இல்லை. மாவுப்பூச்சி, செதில் பூச்சி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி என்று சாறு உறிஞ்சும் கூட்டத்தில் பெரும்பாலானவை இதைச் செய்கின்றன. பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். 2016இல் அங்கே தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்ததில் இருந்து, கீழ் மட்டை எல்லாம் பிசுபிசுத்து அதன்மேல் கரும்பூசணம் படர்வதைத் தினமும் பார்க்கிறீர்கள். அந்தக் கறுப்பு இலையைத் தின்பதில்லை. தேன்பனியின் சர்க்கரையில்தான் வளர்கிறது. ஆனால் வெயிலை மறைப்பதால் இலைக்குச் சமையல் குறைந்து போகிறது. குன்னூருக்குக் கீழே காப்பி வைத்திருப்பவர்களுக்குப் பச்சைச் செதில் பூச்சியும் அதைச் சுற்றும் எறும்பும் பழைய சமாச்சாரம்.

கன்னியாகுமரி நண்பர்கள் இங்கே ஒரு சந்தேகம் கேட்பார்கள். ரப்பர்த் தேனும் பூவில் இருந்து வருவதில்லையே, அதுவும் இதுதானா? இல்லை. ரப்பர் இலையில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் காம்பிலேயே சுரப்பிகள் இருக்கின்றன. புதுத் தளிர் வரும்போது மரமே அதில் மதுரம் சுரக்கிறது. பூச்சிக்கு அதில் வேலை இல்லை. நான் சொல்வது பூச்சியின் வயிற்றின் வழியாக வந்த சர்க்கரை.

'வயிற்றின் வழியாக' என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. என் மருமகள் அந்தத் தேனைத் தொடவே மாட்டேன் என்றாள். அவளுக்கு நான் சொன்ன பதில்: பூவின் மதுரமும் தேனீயின் தேன்பைக்குள் போய், வாய்க்கு வாய் மாற்றிக் கக்கித்தான் தேன் ஆகிறது. அதைச் சாப்பிடுகிறாய், இதில் ஒரு பூச்சி கூடுதல், அவ்வளவுதான். அவள் சமாதானம் ஆகவில்லை.

நம் நாட்டுத் தேனீக்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கும் லவ்டேலில் பெட்டியில் வளர்ப்பது இந்தியத் தேனீதான், அடுக்குத் தேனீ என்றும் சொல்வோம். மலையில் இருப்பது கொஞ்சம் கறுப்பு, சமவெளியில் இருப்பது மஞ்சள் கலந்தது. மலைத்தேனீ பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கட்டும், நாம் வளர்க்க முடியாது. கோத்தகிரிச் சரிவுகளில் குறும்பர், இருளர் மக்கள் பாறையில் கயிறு கட்டி இறங்கி எடுப்பது அதன் தேனைத்தான். கோத்தகிரியில் இருந்து இயங்கும் கீஸ்டோன் நிறுவனம் 1990களில் இருந்து அவர்களோடு சேர்ந்து இந்தத் தேனைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறது. கொசுத்தேனீ நம் உயரத்துக் குளிருக்கு வராது.

இந்தியத் தேனீ சிக்கனமான குடும்பம். இத்தாலியத் தேனீ கிளம்பத் தயங்கும் குளிரிலும் இது வேலைக்குப் போகும். பக்கத்திலேயே சுற்றும், தூரம் போகாது, கிடைத்ததைச் சேர்க்கும். பெரிய பூப்பு இல்லாத நாளிலும் வேலியோரத்துச் சின்னப் பூ, இலைமேல் ஈரம் என்று எதையும் விடாது. பூவில் மதுரம் நன்றாகக் கிடைக்கும்போது தேனீக்கள் பொதுவாக இலைப் பக்கம் திரும்புவதில்லை. நம் பகுதியில் பிளம்ஸ், பீச் பூ முடிந்து, அடுத்த பெரிய பூப்பு வருவதற்கு முன்னால் ஒரு வறண்ட இடைவெளி விழும். மழை இல்லாததால் தேன்பனியும் இலையில் கழுவப்படாமல் நிற்கும். அந்த இரண்டும் சேரும் சில வாரங்கள்தான் இதற்கான பருவம். விடியற்காலையில் பனி ஈரத்தில் காய்ந்த சர்க்கரை இளகும்போது வருகின்றன. பத்தரை, பதினொன்றுக்கு வெயில் ஏறிக் காய்ந்து கெட்டியானதும் கூட்டம் கலைந்துவிடும். கோடை மழை ஒன்று அடித்தால் கதை முடிந்தது.

நம் சித்த மருத்துவத்தில் தேனை மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று பிரிப்பார்கள். கவனித்துப் பாருங்கள், எந்தப் பூவின் தேன் என்று பிரிக்கவில்லை, எங்கே கட்டிய தேன் என்றே பிரித்திருக்கிறார்கள். பூவின் பெயரைப் போட்டு பாட்டில் விற்பது பிற்காலத்து வழக்கம். அந்த வழக்கத்தால் எனக்கு வந்த வம்பைச் சொல்கிறேன்.

2021ஆம் வருடம் ஏப்ரல் முதல் வாரம் இரண்டு பெட்டிகளில் தேன் அறையைத் திறந்தேன். எப்போதும் வரும் வெளிர் மஞ்சள் இல்லை. கறுப்புக் காப்பி மாதிரி நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் செம்பழுப்பு. வாசனையில் பூ இல்லை. கருப்பட்டியும் வறுத்த தானியமும் கலந்த மாதிரி ஒரு மணம். இனிப்புக் கொஞ்சம் மட்டு, நாக்கின் ஓரத்தில் லேசான உப்புக் கரிப்பு. மெழுகு மூடிய அடைகளை மட்டும் சுற்றி எடுத்ததில் மூன்று கிலோ சொச்சம் வந்தது. அதைக் கோவையில் நான் வழக்கமாகத் தேன் கொடுக்கும் ஒரு இயற்கை அங்காடிக்கு அனுப்பினேன். நான்காம் நாள் போன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது என்ன வெல்லப்பாகு வாசம் அடிக்குது? கஸ்டமர் கேட்டா நான் என்ன சொல்றது?"

முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் கொண்டுவரும் காகிதங்களைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான். என்னை ஒருவர் சந்தேகப்பட்டது அன்றுதான் நன்றாக உறைத்தது. ஆனால் அவர்மேலும் தப்பில்லை. அதற்கு நாலு மாதம் முன்னால்தான், 2020 டிசம்பரில், டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் விற்கும் பல பிராண்டுத் தேன்களில் சர்க்கரைப் பாகு கலப்படம் என்று அறிக்கை வெளியிட்டிருந்தது. தேன் என்றாலே எல்லோரும் உற்றுப் பார்த்த நேரம்.

தேனைத் திருப்பி வாங்கிக் கொண்டேன். ஒரு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினேன், சோதனைக் கட்டணத்திலேயே தேன் விலையில் பாதி போய்விட்டது. அறிக்கை வந்தது. பிரக்டோஸும் குளுக்கோஸும் சேர்த்து நூற்றுக்கு 54. மின் கடத்தும் திறன் 0.93 மில்லி சீமன்ஸ். மகரந்தம் குறைவு, பூசண வித்துகள் அதிகம். பார்த்த மாத்திரத்தில் வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் உலக உணவுத் தரமான கோடெக்ஸின்படி சாதாரணத் தேனில் அந்த இரண்டு சர்க்கரையும் சேர்ந்து 60க்குக் குறையக் கூடாது. அதாவது என் தேன் ஃபெயில்.

அதே கோடெக்ஸ் தரத்தில் அடுத்த வரியைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. தேன்பனித் தேனுக்கும், அது பூத்தேனோடு கலந்ததற்கும் 45 இருந்தால் போதும். மின் கடத்தும் திறன் தேன்பனித் தேனுக்கு 0.8க்குக் குறையக் கூடாது. பெரும்பாலான பூத்தேன்களுக்கு அதைத் தாண்டக் கூடாது. ஒரே தாள், ஒரு வரியில் கலப்படம், அடுத்த வரியில் அசல். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கொண்டுவந்த தேன் தர விதிகளிலும் தேன்பனித் தேனுக்குத் தனி இடம் இருக்கிறது. நம்மில் யாரும் அந்தப் பெயரில் விற்பதில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

இந்த எண்கள் ஏன் இப்படி வருகின்றன என்பது மேலே சொன்னதிலேயே இருக்கிறது. பூச்சி சின்னச் சர்க்கரைகளைக் கோத்துப் பெரிதாக்கிவிட்டதால் பிரக்டோஸ், குளுக்கோஸ் பங்கு குறைகிறது. செடிச் சாற்றில் இருந்த பொட்டாசியம் முதலான தாதுக்கள் கூடவே வருவதால் மின்சாரம் நன்றாகக் கடத்துகிறது, வெறும் தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் கடத்துகிற மாதிரி. நிறமும் அடர்த்தி, கரிப்பும் அதனால்தான். பூவைத் தொடாததால் மகரந்தம் குறைவு. இலைமேல் கிடந்ததால் பூசண வித்து ஒட்டிக் கொண்டது. வீட்டில் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் கொளுத்திப் பார்ப்பது எதுவும் இதைக் கண்டுபிடிக்காது. கலப்படத்தையே கண்டுபிடிக்காது, அது வேறு விஷயம்.

ஐரோப்பாவில் இதே தேனுக்குக் கூடுதல் விலை. ஜெர்மனியின் கறுப்புக்காட்டில் ஃபிர் மரத்து அசுவினிகளின் தேன்பனியில் வரும் கருந்தேன் பேர் பெற்றது. கிரீஸ், துருக்கி நாடுகளில் பைன் மரத்தில் வாழும் ஒரு செதில் பூச்சியை நம்பியே ஊர் ஊராகத் தேன் தொழில் நடக்கிறது. கிரீஸ் நாட்டுத் தேனில் பாதிக்குமேல் பைன் தேன்தான். 2021 கோடையில் துருக்கியின் முக்லா மாகாணத்தில் காடு பற்றி எரிந்தபோது, பைனோடு பூச்சியும், பூச்சியோடு தேன்காரர்களின் பிழைப்பும் போயின. நியூசிலாந்தின் தென்தீவில் பீச் என்று ஒரு காட்டுமரம், நம் பீச் பழ மரம் அல்ல. அதன் பட்டையில் வாழும் செதில் பூச்சியின் தேன்பனியை அந்த ஊர்ப் பறவைகள் காலங்காலமாகக் குடித்து வந்தன. ஐரோப்பாவில் இருந்து வந்த குளவிகள் அதில் புகுந்து பெரும்பங்கை அள்ளிவிட, பறவைகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு அசுவினி வளர்க்கலாமா என்று யாரும் கிளம்ப வேண்டாம். அங்கே லட்சக்கணக்கில் ஒரே மரம் நிற்கும் காடு. நமக்கு இது எப்போதாவது வரும் உபரி வரவு.

அந்த உபரியிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. இதில் நான் செய்த தவறை விவரமாகவே எழுதுகிறேன். அதே 2021இல், ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் நல்ல வெளிர்தேன் வந்தது. கறுப்புத் தேனால் பட்ட அவமானத்தில், விற்கக்கூடிய நல்ல தேனை எல்லாம் எடுத்துக் கொண்டு, புழு அறையில் இருந்த கறுப்புத் தேன் அடைகளை மழைக்காலத்துக்கு அவையே சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். லாபக் கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே மூடுபனியும் சாரலும் குளிர்காற்றுமாக நாள் கணக்கில் வெளிச்சமே இருக்காது. தேனீ வெளியே போகாது. தேனீ பெட்டிக்குள் மலம் கழிக்காத சுத்தக்காரப் பிராணி. பறந்து போய்த்தான் கழிக்கும். தாது அதிகமுள்ள உணவைத் தின்றால் வயிற்றில் கழிவும் அதிகம். எத்தனை நாள் அடக்கும்? ஜூலை நடுவில் ஒரு பெட்டியின் வாசல் பலகையிலும் உள்ளே சட்டங்களிலும் பழுப்புத் திட்டுகள். செத்த தேனீக்கள் கைப்பிடி அளவு. வெயில் தலைகாட்டிய முதல் நாள் மிச்சம் இருந்த கூட்டம் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிட்டது. இந்தியத் தேனீக்கு வீடு பிடிக்கவில்லை என்றால் நோட்டீஸ் கொடுக்காது.

தேன்பனித் தேனில் குளிர்காலம் கழிக்கும் கூட்டங்களுக்கு வயிற்றுப்போக்கு வரும் என்பது குளிர்நாட்டுத் தேனீக்காரர்களுக்குப் பழைய பாடம். அங்கே மெலிசிடோஸ் அதிகமான தேன் அடைக்குள்ளேயே சிமெண்ட் மாதிரி இறுகியும் விடும். தண்ணீர் கொண்டுவந்து கரைத்துத் தின்ன முடியாமல், பக்கத்தில் தேனை வைத்துக் கொண்டே தேனீ பட்டினியில் சாகும். நான் அந்தப் பாடத்தைப் பெட்டி காலியான பிறகு படித்தேன்.

அதனால் இப்போது என் வழக்கம் தலைகீழ். கறுப்புத் தேன் வந்தால் அதை எடுத்துவிடுவது, மழைக்கு முன் வரும் பூத்தேனில் ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது நாலு அடைகளின் மேல்பாகம் நிறைய விட்டுவிடுவது. புழு அறையில் கறுப்புத் தேன் தங்கிவிட்டால் அந்தச் சட்டத்தை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, பூத்தேன் சட்டத்தைப் புழுக்களுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இன்னொன்று, தேன்பனியில் மகரந்தம் இல்லை. புழு வளர்க்க மகரந்தம்தான் வேண்டும். அந்த வாரங்களில் வேலியோரத்தில் கடுகு, முள்ளங்கி பூத்து நிற்கும்படி ஜனவரியிலேயே இரண்டு பாத்தி விதைத்து வைக்கிறேன். நம் தேனீயின் தேனில் ஈரம் எப்போதுமே கொஞ்சம் அதிகம். முழுக்க மூடிய அடையை மட்டும் எடுங்கள், ஈரமானியில் 20க்குக் கீழே வந்தால்தான் பாட்டிலில் ஊற்றுங்கள். எறும்புக்குப் பெட்டிக் காலில் தண்ணீர்க் கிண்ணம், அது உங்களுக்குத் தெரியாததில்லை.

விஷ விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. பூவில் மருந்து அடிக்காதே, தேனீ சாகும் என்று இப்போது ஓரளவு எல்லோரும் சொல்கிறார்கள். பூ இல்லாத செடியில் அடித்தால் தேனீக்கு ஒன்றும் ஆகாது என்பதும் அதோடு சேர்ந்த நம்பிக்கை. தேன்பனி இருக்கும் இடத்தில் அந்த நம்பிக்கை செல்லாது. இமிடாக்ளோபிரிட், தயாமீத்தாக்சாம் போன்ற மருந்துகள் வேர்வழியாகவும் ஏறிச் செடிச் சாற்றிலேயே ஓடுபவை. சாற்றை உறிஞ்சிய பூச்சி உடனே சாகாவிட்டால் அதன் தேன்பனியில் அதே மருந்து வெளிவரும். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மருந்துகள் கொடுத்த எலுமிச்சை இனச் செடிகளில் மாவுப்பூச்சி விட்ட தேன்பனியைக் குடித்த நன்மை செய்யும் ஈக்களும் குளவிகளும் செத்ததைக் காட்டினார்கள்.

என் கீழ்த்தோட்டத்தில் ஒரு தம்பி குத்தகைக்கு முட்டைக்கோஸ் போடுகிறார். 2022 மார்ச்சில் ஒரு காலை என் பெட்டி வாசலில் தேனீக்கள் நாக்கை நீட்டியபடி மல்லாந்து துடித்துக் கொண்டிருந்தன. போய்ப் பார்த்தால் அவர் கோஸில் அசுவினி, முந்தின நாள் மருந்து.

"சார், கோஸ்ல ஏது பூ? பூ வர முன்னாடியே வெட்டிடுவோமே. உங்க ஈ எதுக்கு இங்க வருது?" என்றார். அவர் கேள்வி நியாயமானதுதான். இலையைத் திருப்பி விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் போனேன், அவரே கையைப் பிடித்துத் தடுத்தார். "ஐயோ, மருந்து சார்!" என்றார். அதுக்கப்புறம் நான் விளக்கமாகப் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. இப்போது அடிக்கும் முந்தின நாள் மாலை எனக்குப் போன் வரும், நான் விடியுமுன் வாசலை வலையால் மூடிவிடுவேன். மருந்தை அவர் நிறுத்தவில்லை. இரண்டு பாத்தியில் மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்துப் பார்க்கிறார். குத்தகைப் பணம் கட்ட வேண்டிய ஆளிடம் அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அப்படியானால் பிளம்ஸ் மரத்து அசுவினிக்கு நாம் என்ன செய்வது? முதல் வருடம் நானும் இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசலை வடிகட்டித் தெளிப்பானில் ஊற்றி மரத்தடியில் நின்றவன்தான். தேனீயைப் பார்த்துவிட்டுக் கை நின்றது. பத்து நாள் பொறுத்தேன். இலைச் சுருளுக்குள் பொறிவண்டுப் புழுக்கள் வந்தன, முதலை மாதிரி உடம்பும் ஆரஞ்சுப் புள்ளியுமாக. அசுவினியா என்று நசுக்கிவிடாதீர்கள். ஏப்ரல் மழைக்கு முன்பே கூட்டம் பாதியாகிவிட்டது.

நீலகிரிக்கு இது புதிய கதை அல்ல. 1920களில் இந்த மலையின் சீகை மரங்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு செதில் பூச்சி பெருகியது. ஆஸ்திரேலியாவில் இருந்து உலகம் முழுக்கப் பரவிய பூச்சி அது, தேன்பனியை ஒழுக விடுவதில் பெரிய கை. அதன் எதிரியான ரோடோலியா என்ற சின்னச் சிவப்புப் பொறிவண்டை வெளிநாட்டில் இருந்து வரவழைத்து 1930 வாக்கில் இங்கே விட்டார்கள். கட்டுக்குள் வந்தது. அதற்கு நாற்பது வருடம் முன்பே கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை இதே வண்டு காப்பாற்றியிருந்தது. 1940களில் அங்கே டி.டி.டி. அடிக்க ஆரம்பித்ததும் வண்டு செத்து, பஞ்சுப்பூச்சி திரும்பி வந்தது. நம் மாநிலத்திலும் 2010இல் பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது போர்ட்டோ ரிக்கோவில் இருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிதான். தென்னை வெள்ளை ஈக்கும் என்கார்சியா என்ற குளவியை நம்பித்தான் மருந்து அடிக்காதீர்கள் என்கிறார்கள்.

அதற்காக எல்லா அசுவினியையும் விட்டுவைக்க முடியாது. என் கணக்கு இது: வளர்ந்த மரம் என்றால் விட்டுவிடுவேன். இரண்டு வயதுக்குட்பட்ட கன்று என்றால் சுருண்ட நுனியை வெட்டி எடுத்துப் புதைத்துவிடுவேன், சாயங்காலம் தேனீ அடங்கியபின் சோப்புக் கரைசல். மரத்தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் அடித்தண்டில் துணிப்பட்டை கட்டி அதன்மேல் பிசின் தடவுவேன். எறும்பு தேன்பனிக்காக அசுவினியைக் காவல் காக்கிறது, பொறிவண்டை விரட்டுகிறது. எறும்பை நிறுத்தினால் வண்டு தன் வேலையைப் பார்த்துக் கொள்ளும். சென்ற வருடம் நாற்பது மரத்தில் மூன்றில் காய் சிறுத்துப் போனது. அந்த நஷ்டத்தையும் தேன் வரவையும் எழுதிப் பார்த்தால், கணக்கு ஏறக்குறைய நேராகத்தான் நிற்கிறது. மிச்சம் இருப்பது பொறிவண்டுகள், அவற்றை எந்தப் பத்தியில் எழுதுவது என்று என் வங்கிப் புத்திக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்தக் கோவை அங்காடிக்காரருக்கு ஆய்வக அறிக்கையின் நகலையும் ஒரு பக்க விளக்கத்தையும் அனுப்பினேன். அவர் யோசித்துவிட்டு, 'பூத்தேன் அல்ல. இலைமேல் விழும் தேன்பனியில் இருந்து தேனீ சேர்த்தது' என்று லேபிளில் எழுதித் தருவீர்களா என்றார். எழுதினேன். கால் கிலோ பாட்டிலாகப் பன்னிரண்டு அனுப்பினேன். நாலு பாட்டில் முதல் வாரமே போய்விட்டது, இரண்டைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்கியவர்களே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மற்றவை மெதுவாக விற்றன.

இந்த வருடம் மார்ச் முதல் வாரமே மழை வந்துவிட்டதால் கறுப்புத் தேன் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கார் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் பூ இல்லாத மரத்தில் காலை ஏழு மணிக்குத் தேனீ சத்தம் கேட்டால், எந்த மரம், எந்தப் பூச்சி, எத்தனை நாள் வந்தது என்று குறித்து இதழுக்கு எழுதுங்கள். ஏலக்காய் மலையிலும் கொல்லிமலையிலும் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.